மதினியால் சொல்ல முடியாத சத்தம்

இப்போதெல்லாம் என்னிடம் வண்டி வருவதில்லை, சத்தம் மட்டும்தான் வருகிறது. ஏலப்பாறையிலும் தேவிகுளத்திலும் ஒர்க்‌ஷாப் வைத்திருக்கும் தம்பிமார்கள் போனட்டைத் திறந்து, போனை எஞ்சின் பக்கம் நீட்டி, அரை நிமிடம் பதிவு செய்து வாட்ஸ்அப்பில் அனுப்புகிறார்கள். "மேஸ்திரி, இது என்ன சத்தம்?" காலையில் குளித்து, மாரியாத்தாளுக்கு விளக்குப் போட்டு, விபூதி பூசிய பிறகுதான் ஒவ்வொன்றாகக் கேட்பேன். பாதிக்குப் பதில் சொல்லிவிடுவேன். மீதிக்கு, "வண்டிக்காரரையே வாயால அந்தச் சத்தத்தைப் போடச் சொல்லி அனுப்பு" என்பேன். சிரிக்கிற பொம்மை திரும்பி வரும். நான் விளையாட்டுக்குச் சொல்லவில்லை. அது ஏன் என்று எழுதித் தரும்படி அவர்களில் ஒருவர் கேட்டார். நான் எட்டாம் வகுப்போடு நின்றவன். பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

எஸ்டேட் ஒர்க்‌ஷாப்பில் முப்பத்தாறு வருடம் வேலை பார்த்தேன். முதல் மூன்று வருடம் மண்ணெண்ணெயில் நட்டு கழுவினேன், அதைப் பற்றி எழுத ஒன்றுமில்லை. அதற்குப் பிறகு குட்டன் மேஸ்திரி என்னைப் பக்கத்தில் நிற்க விட்டார். அங்கே தலைமை மெக்கானிக், மலையாளி. ஒல்லியான மனிதர், கோபப்பட்டு நான் பார்த்ததில்லை. வண்டி வந்து நின்றால் அதன் பக்கமே திரும்ப மாட்டார். கொண்டுவந்தவரைப் பார்த்து, "ஆதியம் ஆளு பறயட்டும், பின்னே வண்டி" என்பார். முதலில் ஆள் சொல்லட்டும், வண்டியை அப்புறம் பார்க்கலாம் என்று அர்த்தம். சொல்வது என்றால் வாயால் அந்தச் சத்தத்தை அப்படியே போட்டுக் காட்ட வேண்டும். எஸ்டேட் தொரையே வந்தாலும் அதுதான். ஒருநாள் தொரை தன் ஜீப்போடு வந்து, "ஏதோ சத்தம்" என்றார். குட்டன் மேஸ்திரி கையைக் கட்டிக்கொண்டு, "சார், அதொண்ணு வாயால கேக்கணும்" என்றார். தேயிலைக் கொழுந்து எடை போட வந்திருந்த பெண்கள் வரிசையில் நின்று பார்க்க, அரைக்கால் சட்டை போட்ட தொரை "குய்ங்... டடக். குய்ங்... டடக்" என்றார். பெண்கள் கூடையால் முகத்தை மறைத்துக்கொண்டார்கள். மேஸ்திரி சிரிக்கவில்லை. "குய்ங் முன்னேயா, டடக் முன்னேயா?" என்று மட்டும் கேட்டார். தொரை யோசித்து, "டடக்தான் முன்னால்" என்றார். மேஸ்திரி போனட்டைத் திறக்காமலே சாமான் பேரைச் சொல்லி ஸ்டோருக்குச் சீட்டு எழுதினார்.

ஒரு தடவை அவர் லீவில் இருந்தபோது, ஒரு லாரியில் கலகலவென்று சத்தம் வருகிறது என்று சொல்லி நான் கியர்பாக்ஸையே இறக்கிவிட்டேன். அடுத்த நாள் அவர் வந்தார். டிரைவரை வாயால் போடச் சொல்லிக் கேட்டார். நேராகப் போய் சீட்டுக்கு அடியில் கையை விட்டு ஒரு காலிக் கண்ணாடிக் குப்பியை எடுத்தார். என்னை ஒரு வார்த்தை திட்டவில்லை. கியர்பாக்ஸை ஏற்றி முடிக்கும்வரை அந்தக் குப்பியை என் கண்ணுக்கு எதிரே பெஞ்சில் வைத்திருந்தார்.

ஆள் சொல்லி முடித்த பிறகு அவருக்கு ஒரு முறை உண்டு. தோளில் கிடக்கும் துண்டை முதலில் எடுத்து வைத்துவிடுவார், சுற்றுகிற எஞ்சின் துணியைப் பிடித்தால் விடாது என்பதற்காக. முழ நீள ஸ்க்ரூடிரைவரின் முனையை எஞ்சினில் சந்தேகப்படும் இடத்தில் ஊன்றி, மரப்பிடியைக் காதுக்கு முன்னால் இருக்கிற எலும்பில் அழுத்திக் கண்ணை மூடிக்கொள்வார். அதுவும் போதவில்லையென்றால் பெல்ட்டைக் கழற்றிவிட்டு ஒரே ஒரு நிமிடம் எஞ்சினை ஓட விடுவார். சத்தம் நின்றால் கோளாறு வெளியே, பெல்ட் சுற்றுகிற ஏதோ ஒன்றில். நிற்காவிட்டால் உள்ளே. வெளியே என்றால் ஒவ்வொரு புல்லியாகக் கையால் சுற்றிப் பார்ப்பார். இதைத் தவிர வேறு வித்தை எதுவும் எனக்குத் தெரியாது. இதை வைத்துத்தான் பிழைத்தேன், பெண்ணைக் கட்டிக்கொடுத்தேன்.

ஓய்வு பெற்ற பிறகு பையைத் தூக்கிக்கொண்டு வீடுகளுக்குப் போய் வேலை செய்தேன். அப்படிப் போன ஒரு வீட்டைப் பற்றித்தான் இதை எழுதுகிறேன்.

ஆடி மாதம், விடாத மழை. காலை ஆறு மணிக்கு மாரீஸ்வரி போன் செய்தாள். வாசகம் டிரைவரின் ஒரே மகள். வாசகம் அண்ணாச்சி பக்கத்து எஸ்டேட்டில் கொழுந்து லாரி ஓட்டி ஓய்வு பெற்றவர், என்னைவிடப் பத்து வயது மூத்தவர். கிட்னி இரண்டும் போய், வாரத்துக்கு மூன்று தடவை கட்டப்பனைப் பக்கம் ஆஸ்பத்திரியில் டயாலிசிஸ். அதற்காகவே மாரீஸ்வரி ஒரு பழைய டீசல் கார் வாங்கி, ஓட்டவும் படித்திருந்தாள்.

"மாமா, அப்பா வண்டியில ஏற மாட்டேங்காக. சத்தம் வருதாம். சனிக்கிழமையே போகல. இன்னைக்கும் போகலைன்னா அவ்வளவுதான்னு சிஸ்டர் சொல்லிட்டாக. பன்னெண்டரைக்குள்ள அங்க நிக்கணும்."

"வேற ஜீப் பிடிச்சுக் கூட்டிட்டுப் போக வேண்டியதுதான தாயி?"

"சனிக்கிழமை ஜீப் வந்துச்சு மாமா. அந்த டிரைவரைப் பாத்து, 'உனக்குப் புள்ளைக இருக்கா, அப்ப என்னைய ஏத்தாத'ன்னுட்டாக. நீங்க வீட்டுக்குப் போங்க, அம்மா சொல்லுவா. நான் சொசைட்டியில பால் அளந்து குடுத்துட்டு எட்டு மணிக்கு வந்துருதேன்."

ஆறரைக்குப் போய்ச் சேர்ந்தேன். சரிவில் கடைசி வீடு. முற்றத்தின் ஓரத்தோடு தரை முடிந்துவிடும், அதற்குக் கீழே தேயிலை, அதற்கும் கீழே என்ன என்று மஞ்சில், அந்த மூடுபனியில், தெரியவில்லை. கார் முற்றத்தில் நின்றது. ஜன்னல் வழியாக அண்ணாச்சியைப் பார்த்தேன். படுத்தால் மூச்சு முட்டுகிறது என்று நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். பாதம் இரண்டும் வீங்கி மினுமினுத்தன. வேறு எதையோ கேட்டுக்கொண்டிருக்கிறவர் மாதிரி தலையைச் சாய்த்திருந்தார்.

அவர் மனைவி பேச்சியம்மாள் மதினி வெளியே வந்தார்.

"மதினி, வண்டியில என்ன சத்தம் வருது? வாயால போட்டுக் காட்டுங்க."

மதினி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். "அதை நான் எப்படித் தம்பி சொல்லுவேன்?"

"இதுல என்ன வெக்கம்? கீச்சுன்னு வருதா, கரகரன்னு வருதா?"

"ரெண்டும் இல்ல." குரலை இறக்கினார். "காப்பியில போடுவோம்லா... அது."

"எது, பாலா?"

"பாலு இல்ல. வெள்ளையா, இனிப்பா."

"சீனியா?"

மதினி சட்டென்று ஜன்னலைத் திரும்பிப் பார்த்தார். "மெல்லச் சொல்லுங்க. அதேதான். வண்டிக்குள்ள. நாலு நாளா."

டேங்கில் சீனி போடுவது எங்கள் பக்கத்தில் பழைய பகை தீர்க்கும் வழி. டீசலில் அது கரையாது, அடியில் தங்கி பில்டரை அடைக்கும். "யாரு வேலை மதினி இது?"

"இருக்கவங்க வேலை இல்ல தம்பி."

ஊரைவிட்டுப் போன யாரோ ஒரு பகையாளி என்று நான் எடுத்துக்கொண்டேன். சீனி விழுந்த வண்டியை ஸ்டார்ட் செய்யக் கூடாது. அதனால் சாவியையே தொடவில்லை. குட்டன் மேஸ்திரியின் வழக்கப்படி ஆளைக் கேட்டுவிட்டேன், ஆள் சொல்லிவிட்டது என்ற தைரியத்தில் மழையில் காருக்கு அடியில் படுத்து டேங்கை இறக்கினேன். டீசலை வெள்ளைத் துணியில் வடித்தேன். பில்டரை அறுத்துப் பார்த்தேன். அடியில் விரலை விட்டுத் துழாவினேன். ஒரு குருணைகூட இல்லை.

மதினி வாசலில் நின்று பார்த்துக்கொண்டே இருந்தார். கடைசியில் கேட்டார், "டீசலுக்குள்ள என்ன தேடுதீக?"

"சீனியைத்தான் மதினி."

"அவுக உள்ளதான உக்காந்திருக்காக!"

அந்த அம்மாளுக்குக் கவலையில் புத்தி கலங்கிவிட்டது என்று நினைத்தேன். டேங்கைத் திரும்ப மாட்டி, புது பில்டர் போட்டு முடிக்கும்போது மாரீஸ்வரி வந்துவிட்டாள். நடந்ததைச் சொன்னேன். பால் கேனைக் கீழே வைத்துவிட்டு நெற்றியில் அடித்துக்கொண்டாள்.

"மாமா, அப்பாவோட முழுப் பேரு சீனிவாசகம். அம்மா அதைச் சொல்லவே மாட்டா. கடைக்கு எழுதிக் குடுத்தாக்கூட அஸ்கான்னுதான் எழுதச் சொல்லுவா. வண்டியில 'சீனி, சீனி'ன்னு சத்தம் வருதுன்னு சொல்லியிருக்கா. நீங்க டேங்கைக் கழத்திட்டீகளா?"

நான் சிரித்துவிட்டேன். அவள் சிரிக்கவில்லை.

ஊர் முழுக்க அவரை வாசகம் என்றுதான் கூப்பிடும். சீனி என்று கூப்பிட்டது ஒரே ஒருவர், அவரோடு லாரியில் கிளீனராகப் போன சுடலைமுத்து. மாரீஸ்வரி பிறப்பதற்கு முந்தைய வருடம், பாறை வளைவில் மஞ்சுக்குள் லாரி சரிந்தது. அண்ணாச்சி கதவு வழியாக ரோட்டில் விழுந்தார். சுடலைமுத்து லாரியோடு கீழே போனார். கீழேயிருந்து "சீனீ... சீனீ..." என்று கூப்பிட்டுக்கொண்டே இருந்தாராம். மஞ்சில் எந்தப் பக்கம் என்று தெரியவில்லை. காலை ஒடித்துக்கொண்ட அண்ணாச்சியால் இறங்கவும் முடியவில்லை. விளிம்பில் படுத்து, "வாரேம்டா, வாரேம்டா" என்று சொல்லிக்கொண்டே இருந்திருக்கிறார். ஆள் வந்து சேர்வதற்குள் கீழே சத்தம் நின்றுவிட்டது. ஆஸ்பத்திரிக்குப் போகிற வழி அந்த வளைவுதான்.

"எனக்கு கீச்சு கீச்சுன்னுதான் மாமா கேக்குது. ஆனா அப்பா, 'அவன் கூப்பிட ஆரம்பிச்சுட்டான், நான் ஏறுனா ஓட்டுறவகளும் சேர்ந்து போவாக. நீ வாழ வேண்டிய புள்ள'ங்காக. சாவுக்குப் பயந்து இல்ல மாமா. எனக்காகத்தான் ஏற மாட்டேங்காக."

மணி எட்டே கால். வழி ஒன்றரை மணி நேரம். என் முட்டாள்தனத்தால் ஒன்றே முக்கால் மணி நேரம் போயிருந்தது. "ஸ்டார்ட் பண்ணு தாயி" என்றேன்.

முதலில் ஒன்றுமில்லை. எஞ்சின் சூடேறிய பிறகு வந்தது. நான் சத்தியமாக எழுதுகிறேன், "சீனீ... சீனீ..." என்றுதான் எனக்கும் கேட்டது. கொஞ்சம் இழுத்து, முடிவில் தேய்ந்து, தூரத்திலிருந்து கூப்பிடுகிற மாதிரி. வீட்டுக்குள் நாற்காலி கிறீச்சிட்டது. நான் மாரியாத்தாளை நினைத்துக்கொண்டு துண்டை எடுத்து வைத்தேன். ஸ்க்ரூடிரைவரை ஆல்டர்னேட்டரில் ஊன்றினேன், சுத்தம். வாட்டர் பம்ப், சுத்தம். பெல்ட்டுக்கு வழிகாட்டிக்கொண்டு சும்மா சுற்றுகிற சின்னச் சக்கரம் ஒன்று உண்டு, ஐட்லர் புல்லி என்போம். அதன் நடு போல்ட்டில் வைத்ததும் பல்லைக் கடிக்கிற மாதிரி காதுக்குள் இரைந்தது.

அதற்குள் மதினி பித்தளைச் செம்போடு வந்தார். மாரியம்மன் கோயில் தீர்த்தம். என்ன செய்கிறார் என்று நான் பார்ப்பதற்குள் வேப்பிலையால் தொட்டு, ஓடுகிற எஞ்சின் மேல் மூன்று தடவை தெளித்தார். சத்தம் நின்றது. வெட்டி எடுத்த மாதிரி நின்றது.

மதினி அழுதுவிட்டார். உள்ளேயிருந்து அண்ணாச்சி, "நின்னுட்டா?" என்று கேட்டார். "நின்னுட்டுப்பா! ஆத்தா நிறுத்திட்டா!" என்றாள் மாரீஸ்வரி. "அப்ப போவோம்" என்றார் அவர். நான்கு நாளாகக் கெஞ்சியும் வராத வார்த்தை.

இந்த இடத்தில் என் நிலையை யோசித்துப் பாருங்கள். ஓடுகிற பெல்ட்டில் தண்ணீர் பட்டால் கீச்சுச் சத்தம் கொஞ்ச நேரம் அடங்கும். குழாய்த் தண்ணீர் பட்டாலும் அடங்கும். காய்ந்ததும் திரும்ப வரும். புல்லியின் பேரிங் போயிருக்கிறது, புல்லி ஆடுகிறது, அது இறுகி நின்றால் பெல்ட் தெறிக்கும். அந்த ஒரே பெல்ட்தான் ஸ்டீயரிங் பம்ப்பையும் சுற்றுகிறது. இறக்கத்து வளைவில் ஸ்டீயரிங் கல்லாகிவிடும். ஆனால் அவர் இப்போது வருகிறேன் என்கிறார். நான் மறித்தால் மறுபடி ஒத்துக்கொள்வாரா? ஒரு செம்பு குழாய்த் தண்ணீரை ஊற்றி இது ஆத்தாள் இல்லை என்று நிரூபிக்க எனக்குக் கை வரவில்லை. அவள் பேரைச் சொல்லித்தான் ஒவ்வொரு போனட்டையும் திறக்கிறேன்.

எட்டிச் சாவியைத் திருகி எடுத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன்.

"மதினி, சாமான் மாத்துத வரைக்கும் ஆத்தா அதைச் சும்மா இருக்க வச்சிருக்கா. மாத்தாமப் போனா அவ குடுத்த நேரத்தை நாமளே வீணாக்குன மாதிரி. எனக்கு ரெண்டரை மணி நேரம் தாங்க."

மாரீஸ்வரி என்னை முறைத்தாள். "பதினொண்ணுக்கு மேல ஒரு நிமிசம் தாண்டக் கூடாது மாமா." வண்டிச் சாமான் கடைக்கு நானே போன் செய்தேன். ஒன்பதே காலுக்குக் கிளம்பும் பஸ்ஸில் கண்டக்டரிடம் கொடுத்தனுப்புவதாகச் சொன்னார்கள். பத்தேகாலுக்குக் கவலையில் வரும். கவலை என்றால் எங்கள் பக்கத்தில் நாற்சந்தி.

பஸ் வருவதற்குள் கழற்றி வைத்துவிடலாம் என்று ஆரம்பித்தேன். பெல்ட் எந்தப் பக்கம் சுற்றுகிறது என்று சுண்ணாம்பால் அம்பு போட்டேன். அது போகும் வழியை அட்டையில் வரைந்துகொண்டேன். அதை விறைப்பாகப் பிடித்திருக்கும் இறுக்கியை நீள ஸ்பானரால் தள்ளிப் பெல்ட்டை உருவினேன். ஒரு நிமிடம் எஞ்சினை ஓடவிட்டேன். தறியில் நூல் ஓடுகிற மாதிரி சுத்தமாக ஓடியது. கோளாறு வெளியேதான். அணைத்தேன். ஒவ்வொரு புல்லியாகக் கையால் சுற்றி, கடைசியில் ஐட்லருக்கு வந்தேன். இரு பக்கமும் ஆட்டினால் லொடலொடவென்றது. கழற்றினேன். ஓரத்தில் துருப் பொடி செம்மண்ணாக ஒட்டியிருந்தது.

மழை விட்டிருந்தது. மஞ்சு முற்றத்துக்குள் ஏறிக்கொண்டிருந்தது. எங்கும் ஒரு அரவமில்லை. புல்லியை இடது கை விரலில் கோத்து, வலது கையால் ஒரு சுண்டு சுண்டினேன்.

எண்ணெய் வற்றிய பேரிங் கையால் சுற்றும்போது கரகரவென்றுதான் சொல்லும். கீச்சு என்பது பெல்ட் உரசுவதால் வருகிற சத்தம். பெல்ட் என் காலடியில் கிடந்தது.

"சீனீ..." என்றது.

வீட்டுக்குள்ளிருந்து, "வாரேம்டா" என்று பதில் வந்தது.

நான் புல்லியை உள்ளங்கையால் இறுக்கிப் பிடித்தேன். அண்ணாச்சி வாசலில் நின்றார். சுவரைப் பிடிக்காமல் இரண்டு அடி வைக்க முடியாத மனிதர், தனியாகப் படி இறங்கினார். கண் திறந்திருந்தது, ஆனால் எங்கள் யாரையும் பார்க்கவில்லை. காரைத் தாண்டி, என்னைத் தாண்டி, முற்றத்து ஓரத்தை நோக்கி நடந்தார். அங்கே தரை முடிந்து வெள்ளையாக இருந்தது.

"அப்பா! அப்பா, எங்க போறீக?" மாரீஸ்வரி காரின் மறுபக்கம் நின்றிருந்தாள், சுற்றி ஓடி வர வேண்டும். "அண்ணாச்சி!" என்று நானும் கத்தினேன். புல்லியை விட்டால் மறுபடி கூப்பிடுமோ என்று அதைப் பிடித்தபடியே நின்றேன். அவர் தலையைச் சாய்த்துக் கேட்டபடியே போனார். எங்கள் குரல் அவர் காதில் விழவே இல்லை.

"சீனீ!"

மதினியின் குரல். செம்பு உருண்டு போயிற்று. "ஏ சீனி! இங்க வாங்க!"

ஓரத்துக்கு ஒரு எட்டு இருக்கும்போது அவர் நின்றார். திரும்பினார். தூக்கத்திலிருந்து எழுந்தவர் போல மதினியைப் பார்த்தார். மதினி இரண்டு கையாலும் தன் வாயில் அடித்துக்கொண்டு மண்ணில் உட்கார்ந்துவிட்டார். மாரீஸ்வரி ஓடிப்போய் அப்பாவைப் பிடித்துக்கொண்டாள்.

அண்ணாச்சியை முற்றத்துக் கல்லில் உட்கார வைத்தோம். மூச்சு வாங்கியது. கையை நீட்டி, "அதைக் குடும்வே" என்றார். புல்லியைக் கொடுக்க எனக்கு மனமில்லை, கொடுத்தேன். அவரே சுண்டினார். கரகர. திரும்பச் சுண்டினார். கரகர. காதோரம் வைத்துப் பார்த்தார். அந்தப் புல்லி இன்றும் என்னிடம்தான் இருக்கிறது. பிறகு நான் எத்தனையோ தடவை சுற்றிவிட்டேன். கரகர என்பதைத் தவிர வேறு ஒன்றும் அது சொன்னதில்லை.

பேரிங் மூடியை நெம்பிக் காட்டினேன். உள்ளே குண்டுகளைப் பிடித்திருக்கும் வளையம் மூன்றாக உடைந்து கிடந்தது. "இன்னும் ஒரு ஓட்டம் தாங்கியிருக்காது அண்ணாச்சி. சனிக்கிழமை நீங்க ஏறியிருந்தா அந்த எறக்கத்துலதான் உடைஞ்சிருக்கும்."

மாரீஸ்வரியின் முகம் வெளுத்தது. "அப்ப சுடலை மாமா வரச் சொல்லிக் கூப்பிடலப்பா. போவாதன்னு சொல்லத்தான் கூப்பிட்டிருக்காக."

அவர் மதினியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். "நாப்பது வருசத்துல இப்பதாம்வே என் பேரு இவ வாயில வருது" என்றார். பிறகு, "ரெண்டு பேரு கூப்பிட்டா, கிட்டக்க இருக்கவ பக்கம்தான போவணும்" என்றார்.

"பேசாம இருங்க. பாவம் புடிச்ச வாயி" என்று மதினி அழுதார்.

"சாமான் எப்பவே வரும்?"

கவலைக்கு நானே ஓடினேன். மஞ்சில் பஸ் பதினைந்து நிமிடம் தாமதம். கண்டக்டர் ஜன்னல் வழியாகப் பொட்டலத்தைப் போட்டார். புதுப் புல்லியை வைத்து, போல்ட்டைக் கையால் பாதி ஓட்டி, பிறகு இறுக்கினேன். ஸ்கேலை நெடுக்க வைத்து மற்றப் புல்லிகளோடு ஒரே நேரில் நிற்கிறதா என்று பார்த்தேன். அட்டையில் வரைந்தபடி பெல்ட்டைப் போட்டு, இறுக்கியை விட்டேன். ஸ்டார்ட் செய்து, சூடேறட்டும் என்று நின்றோம். பத்து நிமிடம். ஒரு சத்தமும் வரவில்லை. பதினொன்றாக ஐந்து நிமிடம் இருந்தபோது அண்ணாச்சி முன்சீட்டில் ஏறினார். மதினியும், பையோடு நானும் பின்னால் ஏறிக்கொண்டோம். என் வேலையின் மேல் எனக்கே அன்று அவ்வளவு நம்பிக்கை இல்லை.

பாறை வளைவில், "நிறுத்து தாயி" என்றார். மாரீஸ்வரி கண்ணாடியில் என்னைப் பார்த்தாள். நிறுத்தினாள். அவர் கதவைத் திறக்கவில்லை. ஜன்னலை மட்டும் இறக்கினார். ஈரக் காற்று உள்ளே வந்தது. கீழே ஒன்றும் தெரியவில்லை. சந்தையில் எதிர்ப்பட்ட ஆளிடம் பேசுகிற குரலில் அவர் சொன்னார்:

"ஏலே சுடலை, ஆஸ்பத்திரிக்குப் போறேன். நாலு மணி நேரம் ஆவும். திரும்ப இந்த வழிதான் வருவேன். அப்பம் பேசிக்கிடுவோம்."

ஜன்னலை ஏற்றினார். "போ தாயி."

பன்னிரண்டு இருபத்தைந்துக்குப் போய்ச் சேர்ந்தோம். சிஸ்டர் அவர் காலை அழுத்திப் பார்த்துவிட்டு எங்களைத் திட்டினார்கள். நான்கு மணி நேரம் மெஷின் ஓடியது. நான் வெளியே பெஞ்சில் உட்கார்ந்து எனக்குத் தெரிந்த எல்லா மந்திரத்தையும் சொன்னேன். மதினி வாயை முந்தானையால் மூடியே வைத்திருந்தார்.

திரும்பும்போது ஐந்து மணி தாண்டியிருந்தது. இன்னும் வெளிச்சம் இருந்தது, ஆனால் மஞ்சு ரோட்டில் இறங்கிவிட்டது. அண்ணாச்சி மூச்சுத் திணறல் இல்லாமல், நான்கு நாள் தூக்கத்தையும் சேர்த்து, முன்சீட்டில் வாய் திறந்தபடி தூங்கிப்போனார். பாறை வளைவு வந்தது. எதிரே என்ன வருகிறது என்று தெரியாத இடம், ஹார்ன் அடிக்காமல் யாரும் அங்கே திரும்புவதில்லை. மாரீஸ்வரியின் கை ஹார்ன் வரைக்கும் போய் நின்றது. அப்பாவை ஒரு தடவை பார்த்தாள். கையை எடுத்துவிட்டாள். லைட்டை மட்டும் இரண்டு முறை அணைத்து எரியவிட்டு, ஆள் நடக்கும் வேகத்தில் வண்டியைத் திருப்பினாள். மதினி தாலியைப் பிடித்துக்கொண்டிருந்தார். நான் ஆத்தாள் பேரைக்கூட உதட்டுக்குள்ளேயே வைத்துக்கொண்டேன்.

அவர் தூங்கிக்கொண்டே அந்த வளைவைத் தாண்டினார்.